வயதான நாயின் மூட்டு வலி: மஞ்சளா, மீன் எண்ணெயா, மாத்திரையா?

நாய்க்கு மஞ்சள் கொடுக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் வயதான நாய் இருக்கும் வீட்டிலிருந்துதான் வரும். எட்டு, பத்து வயது லாப்ரடாராக இருக்கலாம், ஜெர்மன் ஷெப்பர்டாக இருக்கலாம், தெருவிலிருந்து வந்து வீட்டுப் பிள்ளையாகிவிட்ட நாட்டு நாயாகவும் இருக்கலாம். காலையில் எழுந்திருக்கத் திணறும். நாலு அடி நடந்த பிறகுதான் கால் சரியாக ஊன்றும். மாடிப்படிக்கு அடியில் நின்று மேலே பார்க்கும், ஏறாது. கால்நடை மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி ஒரு வலி மருந்து எழுதித் தந்திருப்பார். 'அது கிட்னியை அடிச்சிடும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். அப்புறம் கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போகும்.

அதனால் மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்து நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பெரிய பயன் கிடையாது. அதே மூட்டு வலிக்கு வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் மஞ்சள் எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடைக் குறைப்பு, மருத்துவர் தரும் வலி மருந்து, மீன் எண்ணெய், கடைசியாக மஞ்சள். கடைகளில் மூட்டு மாத்திரையாக விற்கும் குளுக்கோசமைன் இந்த வரிசையிலேயே வராது.

நொண்டுவதெல்லாம் தேய்மானம் ஆகாது

எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் முன்னால், வலிக்குக் காரணம் தேய்மானம்தானா என்பது உறுதியாக வேண்டும். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். நாயின் காதிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி மூட்டு வீக்கத்தையும் உண்டாக்கும். இன்று முன்னங்கால், இரண்டு நாள் கழித்துப் பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறினால், சோர்வும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். இந்த நோயில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடும், அதாவது இரத்தம் உறைவது ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும். மஞ்சளுக்கும் இரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் குணம் உண்டு. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தக்கூடிய நோய்க்கு மூன்று வாரம் மஞ்சள் விழுது கொடுத்துப் பார்ப்பது, நேரத்தையும் இழந்து ஆபத்தையும் கூட்டுவதாக முடியும்.

இது போக முழங்கால் தசைநார் கிழிந்திருக்கலாம், முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கியிருக்கலாம், பெரிய உருவ நாய்களில் எலும்புப் புற்றுநோய் இருக்கலாம். சில சமயம் யாரும் கவனிக்காமல் வளைந்து வளர்ந்த நகம் சதைக்குள் இறங்கியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு எக்ஸ்ரேயும் இதில் முக்கால்வாசியைப் பிரித்துக் காட்டிவிடும். கீழே சொல்வதெல்லாம், தேய்மானம்தான் என்று தெரிந்த பிறகு வரும் பேச்சு.

மஞ்சளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது

மஞ்சளின் மருத்துவப் பெருமை பெரும்பாலும் குர்குமின் என்ற ஒரு பொருளைச் சுற்றியது. வீக்கத்தைத் தூண்டும் பல வேதி வினைகளை அது ஆய்வுக்கூடத்தில் தடுத்துக் காட்டுகிறது. இதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. ஆய்வுக்கூடத் தட்டிலிருந்து நாயின் முழங்காலுக்குப் போகும் வழியில்தான் சிக்கல்.

முதல் சிக்கல் அளவு. சாதாரணக் கறிமஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளும் ஏறக்குறைய அந்த வட்டத்துக்குள்தான், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் ஏழு பங்கு வரை போகும், ஆனால் அது நம் மளிகைக் கடையில் கிடைப்பதில்லை. ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூள் சுமார் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், குர்குமின் 90 மில்லிகிராம்.

இப்போது நாய் வளர்ப்பவர்களிடையே பிரபலமான அந்த மஞ்சள் விழுதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் டக் இங்கிலிஷ் பரப்பிய செய்முறை அது. அரை கப் மஞ்சள் தூளை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் ஏழு முதல் பத்து நிமிடம் கிண்ட வேண்டும். கூழ் மாதிரி இறுகியதும் இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, புதிதாகப் பொடித்த மிளகு இரண்டு மூன்று டீஸ்பூனும் தேங்காய் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப்பும் சேர்த்துக் கலக்கினால் விழுது தயார். ஃபிரிஜ்ஜில் இரண்டு வாரம் இருக்கும். நல்லெண்ணெய் ஊற்றினாலும் குடி முழுகிப் போகாது. கொழுப்பில் கரைய வேண்டும் என்பதுதான் தேவை.

இதில் நாய்க்கு முதலில் கால் டீஸ்பூன் கொடுக்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கால் டீஸ்பூனுக்குள் தண்ணீரும் எண்ணெயும் போக மஞ்சள் தூள் கால் கிராம் தேறினால் அதிகம். குர்குமின் ஏழெட்டு மில்லிகிராம். முப்பது கிலோ லாப்ரடாருக்கு அது எந்த மூலைக்கு? படிப்படியாக ஒரு டீஸ்பூன், இரண்டு டீஸ்பூன் என்று ஏற்றினாலும், ஆய்வுகளில் கொடுக்கும் செறிவான சாறுகளின் பக்கத்தில்கூட வராது.

இரண்டாவது சிக்கல், உள்ளே போனது இரத்தத்தில் சேராமை. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் கொஞ்சமாக உறிஞ்சுவதையும் ஈரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகு வருவது இங்கேதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது மனித இரத்தத்தில் அது இருபது மடங்கு சேர்ந்தது. இந்த ஒரு எண்தான் உலகம் முழுக்க எல்லா மஞ்சள் டப்பாவிலும் ஏறிவிட்டது. அதே ஆய்வில் எலிகளிடம் ஏற்றம் மிகக் குறைவு, ஒன்றரை மடங்குதான் கூடியது. உயிரினத்துக்கு உயிரினம் இவ்வளவு மாறும்போது, மனிதனின் இருபது மடங்கை அப்படியே நாய்க்கும் எழுதிக்கொள்வது சரியாகாது.

மிளகு இந்த வேலையைச் செய்வது ஈரல் பொருள்களை வெளியேற்றும் வழியை மந்தமாக்கித்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். குர்குமின் மட்டும் தங்கும், மற்ற மருந்துகள் வழக்கம்போல் வெளியேறும் என்று அது பாகுபாடு பார்க்காது. வலிப்பு மருந்தோ இதய மருந்தோ எடுக்கும் நாய்க்கு மிளகு சேர்த்த மஞ்சள் விழுதை மருத்துவரிடம் கேட்காமல் தினமும் கொடுக்கக் கூடாது.

சரி, நாய்களிடமே சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 2003-ல் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழில் ஒழுங்கான சோதனை ஒன்று வெளியானது. முழங்கையிலோ இடுப்பிலோ தேய்மானம் இருந்த 61 வீட்டு நாய்கள். ஒரு பகுதிக்கு மஞ்சள் சாறு, இன்னொரு பகுதிக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. எது எந்த நாய்க்குப் போகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எட்டு வாரம். நாய் காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்று அளக்கும் கருவித் தளத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் சோதித்த மருத்துவர்களின் மொத்த மதிப்பீடு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. உரிமையாளர்களின் மதிப்பீடும் அந்தப் பக்கமே சாய்ந்தது, புள்ளியியல் ஏற்கும் எல்லையை மட்டும் நூலிழையில் தவறவிட்டது. கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை.

நான் இதை இப்படிப் படிக்கிறேன்: கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் கருவி பிடிக்கும் அளவுக்கு இல்லை. அதுவும் செறிவூட்டிய சாறுக்கே இந்த நிலை. அடுப்பில் கிண்டிய விழுதுக்கு இதைவிட நல்ல மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை.

எந்த மஞ்சள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பூஜை மஞ்சள் பாக்கெட் சாப்பிடுவதற்கல்ல. கஸ்தூரி மஞ்சள் முகத்துக்குப் பூசுவது, வேறு செடி, அதுவும் கூடாது. கறிக்குப் போடும் விரலி மஞ்சளையோ குண்டு மஞ்சளையோ சாயம் பூசாத கிழங்காக வாங்கி, வீட்டில் காய வைத்து, மில்லில் கொடுத்து அரைப்பதுதான் உத்தமம். காரணம் ஈயம். கிழங்குக்குப் பளபளவென்ற மஞ்சள் நிறம் வர ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசும் பழக்கம் வங்கதேசத்தில் பரவலாக இருந்ததை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். சாம்பாரில் ஒரு சிட்டிகை போடுவது வேறு. மருந்து என்று நினைத்து மாதக்கணக்கில் தினமும் டீஸ்பூன் கணக்கில் கொடுப்பது வேறு. கிழங்கோ உதிரித் தூளோ, நிறம் கண்ணைப் பறித்தால் நான் வாங்கமாட்டேன்.

சாம்பார் என்றதும் ஒன்று. 'எங்க வீட்ல சாம்பார் சாதத்துலயே மஞ்சள் போயிடுது' என்று சொல்பவர்கள் உண்டு. மஞ்சளோடு வெங்காயமும் பூண்டும் போகிறது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்த வழியில் மஞ்சள் வேண்டாம். பாலில் கலந்தும் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதி மஞ்சளால் வந்ததா பாலால் வந்ததா என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும்.

வேறு நோயில்லாத நாய்க்கு மஞ்சள் பொதுவாகப் பெரிய தீங்கு செய்வதில்லை. அளவு கூடினால் வயிறு கலங்கும், தாடியும் பாயும் சுவரும் மஞ்சளாகும். பித்தப்பையில் அடைப்போ கல்லோ உள்ள நாய்க்குக் கூடவே கூடாது, பித்தநீரை அது சுரக்கத் தூண்டும். ஆக்சலேட் வகைச் சிறுநீர்க் கல் வந்த நாய்க்கும் கூடாது, மஞ்சளில் கரையும் ஆக்சலேட் நிறைய இருக்கிறது.

குர்குமின் கேப்ஸ்யூல்

தூளில் அளவு போதாது என்றால் செறிவான கேப்ஸ்யூல் கொடுத்துவிடலாமே என்று அடுத்து தோன்றும். 95 சதவீதச் சாறு, 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றில் இருக்கும் குர்குமினைத் தூளாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஐந்து டீஸ்பூனுக்கு மேல் ஆகும். கணக்கு கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையல் பொருள் என்ற பாதுகாப்பு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட மனிதர்கள் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததாக இத்தாலியில் 2019-ல் எச்சரிக்கை வந்தது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-ல் இதே எச்சரிக்கையைத் தந்தது. உறிஞ்சும் திறனைக் கூட்டிய வகைகள்மேல்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இவற்றின் சாரம். நாய்க்கு இத்தனை கிலோவுக்கு இத்தனை என்று எல்லோரும் ஏற்கும் அளவும் கிடையாது. மென்று தின்னும் வகைகளிலும் கரையும் மாத்திரைகளிலும் இனிப்புக்காக சைலிட்டால் சேர்த்திருந்தால் அது நாய்க்கு நேரடி விஷம். இந்தக் காசை மீன் எண்ணெயில் போடலாம்.

மீன் எண்ணெய்

தேய்மானத்துக்கான துணை உணவுகள் அத்தனையையும் ஒன்றாகத் திரட்டி, கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2022-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. அதில் நாய், பூனைகளின் வலியைக் குறைப்பதாகத் தெளிவாக எழுந்து நின்றது மீனில் உள்ள ஒமேகா 3 கொழுப்புதான். கொலாஜனுக்கு ஆதாரம் பலவீனம். குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கூட்டணிக்குப் பலனே இல்லை என்ற பக்கம்தான் ஆதாரம் சேர்ந்தது. நம் ஊர் செல்லப்பிராணிக் கடைகளில் எலும்பு வடிவப் பெட்டியில் விற்கும் மூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை. அவை வரிசையில் வராததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மீன் எண்ணெயிலும் அளவுதான் ஆளைக் கவிழ்க்கும். மூட்டு வலிக்கு மருத்துவர்கள் சொல்வது, ஒமேகா 3-ன் இரண்டு முக்கியக் கொழுப்பான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 75 முதல் 100 மில்லிகிராம் வரை. முப்பது கிலோ நாய்க்கு மேல் அளவு 3,000 மில்லிகிராம். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மாத்திரையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருக்கும். ஆக, 'ஆயிரம்' என்று எழுதிய மாத்திரையில் நமக்கு வேண்டியது 300-தான். ஒரு நாளைக்குப் பத்து மாத்திரை! ஒன்று கொடுத்துவிட்டு 'மீன் எண்ணெய் குடுத்தும் பிரயோஜனம் இல்ல' என்று சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. செறிவு கூடிய வகையை வாங்கினால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வரும்.

முழு அளவை முதல் நாளே ஊற்றினால் பேதிதான். மூன்று, நான்கு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். கணைய அழற்சி வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். காட் லிவர் எண்ணெயும் இதுவும் ஒன்று என்று மாற்றிக்கொள்ளவும் கூடாது. அது ஈரலிலிருந்து எடுப்பது, இந்த அளவுக்குக் கொடுத்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் மிதமிஞ்சிப் போகும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு மலிவான வழி உண்டு. மத்தி. கேரள எல்லைப் பக்கம் சாளை என்பார்கள். உப்பு, காரம், புளி எதுவும் இல்லாமல் குக்கரில் நன்றாக வேகவைத்தால் முள்ளும் கூழாகிவிடும். வாரத்தில் மூன்று நாள் இரண்டு மூன்று மீன் போட்டால், மாத்திரையின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்கலாம். வீடு நாறும், அது வேறு விஷயம். மீனின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் கணக்குத் துல்லியமாக வராது.

பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசர வலிக்கு இது மருந்தல்ல.

வலி மருந்து

மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவைதான் நாயின் தேய்மான வலிக்கு மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டவை. கொடுத்த சில நாளிலேயே நாய் நடையில் வித்தியாசம் காட்டும். மஞ்சளுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். ஈரலும் சிறுநீரகமும் கெடும் என்ற பயம் ஆதாரம் இல்லாதது அல்ல. அதனால்தான் தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை, தொடங்கிய பின் அவ்வப்போது மறுபரிசோதனை. வாந்தி, சாப்பாடு மறுப்பு, தார் மாதிரிக் கறுப்பு மலம், இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகிவிடும். தோல் அரிப்புக்கு ஒரு மருத்துவரும் காலுக்கு இன்னொருவரும் பார்க்கும்போது இந்த விபத்து எளிதாக நடக்கும். இரண்டு சீட்டையும் இருவருக்கும் காட்டுங்கள்.

நடைமுறையில் நாய்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் நம் வீட்டு மருந்துப் பெட்டிதான். நாய்க்கு மெலாக்சிகாம் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். பத்து கிலோ நாய்க்கு ஒரே ஒரு மில்லிகிராம். மனிதர்களுக்கான சின்ன மாத்திரையே 7.5 மில்லிகிராம். தாத்தாவின் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தால் ஒரு வாரத்து மருந்து ஒரே வாயில் போகிறது. நாய்களுக்கான திரவ மருந்தோடு வரும் ஊசியில்லாக் குழாயில் கிலோ வாரியாகக் கோடு போட்டிருப்பது இதற்காகத்தான். ஐபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டையும் நாயின் வாய்ப்பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாராசிட்டமாலும் நாமாகக் கொடுப்பதல்ல.

டைக்ளோஃபெனாக் ஊரறிந்த பெயர். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கழுகுக்குத் தீங்கு செய்யாத மாற்றாக அப்போது முன்னிறுத்தப்பட்டது இதே மெலாக்சிகாம். நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கழுகு வட்டமிடுவதில் இந்த மாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மஞ்சளையும் வலி மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா? சமையல் அளவு மஞ்சள் கொஞ்சம் போவதால் பெரிதாக எதுவும் நடக்காது. டீஸ்பூன் கணக்கிலோ கேப்ஸ்யூலாகவோ கொடுப்பதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான். இரண்டும் இரைப்பையை உறுத்துபவை, இரண்டும் இரத்தம் உறைவதைத் தொடுபவை.

எடையும் தரையும்

எல்லாவற்றிலும் மலிவானதை, என் வரிசையில் முதலில் நிற்பதை, கடைசியில் பேசுவதற்குக் காரணம், யாரும் அதைக் கேட்க விரும்புவதில்லை. நம் வீடுகளில் லாப்ரடார் முப்பது கிலோ இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதைத் தொடுகிறது. காலையில் பிஸ்கட், மதியம் தயிர் சாதம், மாலை டீயோடு மறுபடி பிஸ்கட், இரவு கோழிக்கறி சாதம். கழுத்தில் மடிப்பு விழுந்திருக்கும், 'நல்லா புஷ்டியா இருக்கான்' என்பார்கள்.

நாய்த் தீவன நிறுவனமான பியூரினா 48 லாப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றில் பிறந்த ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தது. 2002-ல் வெளியான முடிவு: குறைவாகச் சாப்பிட்டவை நடுத்தரமாக 13 ஆண்டு, மற்றவை 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தள்ளிப்போனது. ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்க்கும் வழி உண்டு. உடல் எடையில் ஆறு சதவீதம் குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியதாக 2010-ல் வந்த ஆய்வு காட்டியது. முப்பத்தாறு கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோ சொச்சம். பிஸ்கட்டை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த சுரைக்காயும் பீன்ஸும் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எட்டிவிடலாம். எடை பார்க்கக் கால்நடை மருத்துவமனைக்கே போக வேண்டும் என்றில்லை, அரிசி மண்டி எடை மேடையில் நாயை நிறுத்தினால் போதும். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அவற்றின் உடல்வாகு அப்படி. ஆனால் வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டு வளர்த்தால் அவையும் தடிக்கும்.

அடுத்து தரை. வழுக்கும் டைல்ஸில் வலியுள்ள நாய் எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் அகன்று விலகும். நாய் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் வாசலுக்கும் ரப்பர் விரிப்போ பழைய யோகா பாயோ போடுங்கள். நகத்தை வெட்டுங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியைக் கத்தரியுங்கள். இதன் பலனை அன்றைக்கே பார்க்கலாம். மஞ்சளுக்கு அந்த வேகம் கிடையாது.

யாருக்கு எது

நாய் வலியில் சாப்பிட மறுக்கிறது, இரவில் தூங்காமல் இடம் மாறி மாறிப் படுக்கிறது என்றால் மஞ்சள், மீன் எண்ணெய் பேச்சே வேண்டாம், வலி மருந்துதான். அதோடு எடைக் குறைப்பையும் தொடங்கிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் எடை இறங்கி, மீன் எண்ணெயும் ஏறிய பிறகு, மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நிறைய நாய்களுக்கு முடியும்.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகி வலி மருந்து கொடுக்க முடியாத நாய்க்கு மீன் எண்ணெய் முதலிடத்துக்கு வரும், மற்ற வகை வலி மருந்துகளை மருத்துவர் பார்ப்பார். இங்கேயும் மஞ்சளை மாற்று மருந்தாக நினைக்கக் கூடாது.

நடை லேசாகக் கெட்டிருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, வேறு நோயில்லை, வேறு மருந்தில்லை என்ற நாய்க்கு மட்டும் மஞ்சள் விழுது கொடுத்துப் பாருங்கள் என்று தாராளமாகச் சொல்வேன். சோற்றோடு, கால் டீஸ்பூனில் தொடங்கி. அதற்கு முன் ஒரு வேலை: நாய் காலையில் எழுந்திருப்பதையும் பத்து அடி நடப்பதையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி பிடியுங்கள். இரண்டையும் வீட்டில் யாரிடமாவது எது முன்னது என்று சொல்லாமல் காட்டுங்கள். இது ஏன் தேவை என்றால், மருந்து கொடுக்கிறோம் என்ற நம்பிக்கையே நம் கண்ணை மாற்றிவிடும். போலி மாத்திரை தின்ற நாய்களும் தேறிவிட்டதாக உரிமையாளர்கள் மட்டுமல்ல, கால்நடை மருத்துவர்களும் அடிக்கடி மதிப்பிடுவதை 2012-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூன்றாம் ஆளுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் விழுதை நிறுத்திவிடலாம்.

கருத்தடையோ, பல் பிடுங்கலோ, கட்டி எடுப்பதோ, எந்த அறுவை சிகிச்சைக்காவது தேதி குறித்திருந்தால் மஞ்சளை இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். மீன் எண்ணெய் கொடுப்பதையும் அறுவை செய்யும் மருத்துவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.